தோற்றவர்களின் நோட்டு

குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
ஏழாம் நடைமேடைக்குப் பின்னால் என் காபிக் கடை.
திபிலிசி வேன், செஸ்தபோனி வேன், எது நிறையும்வரையும்
ஓட்டுநர்கள் என் மேசையில்தான் நர்தி ஆடுவார்கள்.
பணம் வைத்து ஆடக்கூடாது. அது என் சட்டம்.
ஒருமுறை ஒருவன் ஸ்டெப்னி டயரையே தோற்றுவிட்டு
பாதி வழியில் பஞ்சராகி நின்றான்.
ஆகவே தண்டனை.
ஆகவே இந்த நோட்டு,
சர்க்கரைக் கணக்கு எழுதியதன் மறுபக்கத்தில்.

மார்ச் மூன்று. ஓத்தியா தோற்றான்.
பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நிலையத்தை மூன்று சுற்று.
அரதப் பழசு. எல்லோரும் கொட்டாவி விட்டார்கள்.

மார்ச் ஐந்து. மறுபடி ஓத்தியா.
வேனில் ஏறுகிற ஒவ்வொருவரின் காலணியையும் பாராட்ட வேண்டும்.
சேற்று பூட்ஸோடு வந்த பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர்
காதுவரை சிவந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்,
இறங்கும்போது ஒரு சீஸ் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்.
அதிலிருந்து ஓத்தியா வேண்டுமென்றே தோற்கிறான் என்று புகார்.

மார்ச் ஒன்பது. பத்ரி.
ஒற்றைக்கண் நாயிடம் முழு மரியாதையோடு மன்னிப்பு.
எதற்கு என்பதை நாய் தீர்மானிக்கும்.
நாய் நெடுநேரம் யோசித்தது.

ஆடுவதைவிடத் தண்டனை தேடுவதுதான் கஷ்டம்.
உப்பு மாதிரி அது:
குறைந்தால் சப்பு, கூடினால் துப்பு.

வக்கோவுக்கு இருபத்திரண்டு வயது.
புது வேன், புது செண்டு, எதற்கும் அவசரம்.
அன்று தோற்றவர் ஜும்பேர்,
குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள்.
"அந்த மீசையை எடுக்கணும்" என்றான் வக்கோ.
மேசை குலுங்கிற்று.
நானும் சிரித்தேன். எழுதியும் வைத்தேன்.
பேனா அழுத்திய தடம்
அடுத்த பக்கத்திலும் இருக்கிறது.

கழிப்பறைக் கண்ணாடியில் மழித்துவிட்டு வந்தார்.
மூக்கடியிலிருந்து உதட்டு விளிம்புவரை
கோணலாய் ஒரு தழும்பு.
பிளந்து பிறந்த உதட்டை
யாரோ பொறுமையில்லாமல் தைத்திருக்கிறார்கள்.
இருபது வருடம் அந்த வாய்க்குக் காபி கொடுத்திருக்கிறேன்.
எனக்குத் தெரியாது.

"குளிருது" என்றார், அவ்வளவுதான்.
வேன் நிறையவில்லை,
மூன்று பேரை ஏற்றிக்கொண்டே கிளம்பிவிட்டார்.

எதிரே ஆளில்லாமல்
வக்கோ பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான்.
பிறகு அவனும் கழிப்பறைக்குப் போனான்.
திரும்பி வந்தபோது
இடது புருவத்தைக் காணோம்.

மறுநாள் ஜும்பேர் அவனைப் பார்த்தார்,
நாய் பத்ரியைப் பார்த்ததுபோல.
"பாதி முகம் ஆச்சரியப்படுது,
மறுபாதிக்கு இன்னும் சேதி போகலையா?"
என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.
சிரிப்பு அந்தத் தழும்பில் ஏறி,
கொஞ்சம் வளைந்து, வெளியே வந்தது.
மீசையை மறுபடி வைத்தார். அது அவர் இஷ்டம்.
செர்ரி பழுக்கும்வரை புருவம் முழுசாக வரவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது ஒரு வரி:
தண்டனை சொல்கிறவர் முதலில் தான் செய்து காட்டணும்.
எழுதிய வாரத்தில் யோசனைகள் பாதியாகக் குறைந்தன.

நேற்று ரியோனி ஆறு கரையைத் தொடுகிற மழை.
எந்த வேனும் நிறையவில்லை.
"லமாரா, நீயும் ஒரு கை" என்றார்கள்.
ஆறு கேட்டேன், ஒன்று விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.
நால்வரும் தலையை ஒட்டிக் குசுகுசுத்து
தீர்ப்பைச் சொன்னார்கள்:
நான் உட்கார வேண்டும்.
அவர்கள் காபி போடுவார்கள்.

அடுப்பில் பொங்கி வழிந்தது, துடைக்க எழுந்தேன்,
"உட்கார்!" என்று நான்கு குரல்.
விதிப்படி முதலில் அவர்களே ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்.
நான் அந்த முகங்களைப் பார்த்தேன்.
பிறகு என் கோப்பையைப் பார்த்தேன்.

அடி மண்டிவரை குடித்துவிட்டேன்.
தோற்றால் தோற்றதுதான்.
நோட்டில் எழுதலாம் என்று பேனாவைத் தேடினால்
அதை வைத்துத்தான் கலக்கியிருக்கிறார்கள்.